ஷ்ரெட் வாசிப்பைக் 'கிழித்தல்' என்னலாமா?

மின்கிட்டார் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஷ்ரெட்' (சுரங்களை மிக நெருக்கமாக, துல்லியமாக அடுக்கி வாசிக்கும் பாணி) என்ற சொல்லுக்கு வந்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். 'கிழித்தல்' என்று போட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் 'உணர்ச்சியற்ற அதிவேக வாசிப்பு' என்று விளக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கட்டுரைகளிலும் காணொளிகளின் தமிழ் எழுத்து வரிகளிலும் இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முதலாவது அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்துவைத்தது. இரண்டாவது அதைவிட மோசம். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் தீர்ப்புச் சொல்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலத்தில் அது வெட்டி எடுத்த துண்டு, கீற்று. சவத்துணியைக் குறிக்கும் 'ஷ்ரௌட்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். பின்னால் வினையாகி, துண்டுதுண்டாகச் சீவுவதைக் குறித்தது. அலுவலகத்தில் காகிதத்தை நாராக்கும் ஷ்ரெட்டர் இயந்திரம் இந்தப் பொருளில் வந்தது. அலைச்சறுக்கு ஆடுகிறவர்களும் சறுக்குப்பலகைக்காரர்களும் அபாரமாக ஆடுவதற்கு இந்தச் சொல்லைச் சொல்வார்கள். கிட்டாரில் அது 1980களின் அமெரிக்க ராக் வட்டாரத்தோடு ஒட்டிக்கொண்டது. எடி வான் ஹேலன் 1978இல் 'இரப்ஷன்' என்று 1 நிமிடம் 42 நொடிக்கு ஒரு தனி வாசிப்பை வெளியிட்டு வழியைத் திறந்துவிட்டார். 1980இல் கலிஃபோர்னியாவில் மைக் வார்னி தொடங்கிய ஷ்ராப்னல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் இப்படிப்பட்ட வாசிப்பாளர்களைத் தேடிப் பிடித்து வெளியிட்டது. ஸ்வீடனிலிருந்து வார்னி வரவழைத்த இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் 'ரைசிங் ஃபோர்ஸ்' தொகுப்பை வெளியிட்டபின் இதுவே ஒரு தனிப்பாணி ஆனது.

சரி, இதைக் கிழித்தல் என்றால் என்ன கெட்டுப்போகிறது?

தமிழில் கிழிப்பது பாராட்டாவது குறைவு. 'கிழிகிழியென்று கிழித்தார்' என்றால் ஒருவரைத் திட்டித் தீர்த்தார் என்றுதான் முதலில் புரியும். 'என்னத்தைக் கிழிச்சே?' என்பது வேலை செய்யாதவனைப் பார்த்துக் கேட்பது. 'கிழிச்சான்' என்று இழுத்துச் சொன்னால் அவனால் ஒன்றும் ஆகவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு முரட்டுப் பாராட்டு சேர்ந்திருக்கிறது. தமிழில் நேர்ச்சொல்லைப் போட்டதும் அந்தப் பாராட்டு உதிர்ந்து வசவு மட்டும் மிஞ்சுகிறது. நம் ஊரில் ஒருவர் பிரமாதமாக வாசித்தால் 'பின்னிட்டார்' என்கிறோம். ஆங்கிலக்காரர் சிதைப்பதைக் கொண்டு சொல்வதைத் தமிழர் பின்னுவதைக் கொண்டு சொல்கிறார். மொழிபெயர்க்கிறவர் தன் காதில் ஏற்கெனவே இருக்கும் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தாலே 'கிழித்தல்' பக்கம் போயிருக்க மாட்டார்.

'அதிவேக வாசிப்பு' என்பது கொஞ்சம் மரியாதையான தவறு. வேகம் இதில் இருப்பது உண்மைதான். ஆனால் எதன் வேகம்? பாட்டின் நடை ஒன்று, அந்த நடைக்குள் விழும் சுரங்களின் நெருக்கம் வேறொன்று. நிமிடத்துக்கு 180 தட்டு போகும் பாட்டில் தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் நொடிக்கு 12 சுரம். 90 தட்டு போகும் பாட்டில் தட்டுக்கு எட்டு வாசித்தாலும் அதே 12. விரலுக்கு வேலை ஒன்றுதான், கேட்பவருக்கோ இரண்டும் இரு வேறு அனுபவம். 'ரைசிங் ஃபோர்ஸ்' தொகுப்பின் முதல் உருப்படியான 'பிளாக் ஸ்டார்' நிதானமான நடையில் போவது. அந்த நிதானத்தின் மேல்தான் மால்ம்ஸ்டீன் சுரங்களைக் கொட்டுகிறார். அதை 'அதிவேக இசை' என்று படித்துவிட்டுக் கேட்கப் போகிறவர் முதல் நிமிடத்திலேயே குழம்பிப்போவார். கீழ்க்காலம், மேல்காலம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பேசத் தெரிந்த மொழியில் இந்தக் குழப்பம் வந்திருக்கவே கூடாது.

அப்புறம் அந்த 'உணர்ச்சியற்ற'. என்னை எழுத வைத்தது இந்த அடைமொழிதான். 1991இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' தொகுப்பு வந்து ராக் ரசனை திசை மாறியபோது, ஷ்ரெட் வாசிப்பு வெறும் விரல் பயிற்சி என்ற பேச்சு ஓங்கியது. அது ஒரு காலத்து விமரிசனம். விவாதிக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். அதைச் சொல்லின் பொருளுக்குள்ளேயே திணித்துவிட்டால் விவாதத்துக்கே இடமில்லாமல் போகிறது. 'உணர்ச்சியற்ற வாசிப்பு உணர்ச்சி தருமா?' என்று யார் கேட்க முடியும்?

ஷ்ரெட் வாசிப்பாளர் ஜேசன் பெக்கர் 1988இல் வெளியிட்ட 'பெர்பெச்சுவல் பர்ன்' தொகுப்பில் 'ஆல்டிடியூட்ஸ்' என்று ஒரு உருப்படி. தொடக்கத்தில் மெல்லிய ஒரு மெட்டு வருகிறது. ஒவ்வொரு சுரத்தையும் கம்பியை இழுத்து இழுத்து எட்டிப் பிடிக்கிறார், பாடுகிற குரல் போலவே இருக்கும். பிறகு அதே கை ஸ்வீப் என்னும் உத்திக்கு மாறுகிறது. பிக்கை (கம்பியை மீட்டும் சிறு வில்லையை) ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகத் தூக்காமல் அடுத்தடுத்த கம்பிகள் மேல் ஒரே இழுப்பில் இறக்குவதற்குத்தான் ஸ்வீப் என்று பெயர். அப்படி இறக்கும்போது ஒவ்வொரு சுரமும் ஒலித்த கணமே இடக்கை விரலின் அழுத்தம் தளர்ந்துவிட வேண்டும். தளராவிட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து மொத்தமாக ஒலிக்கும். பெக்கரிடம் ஒன்றும் கலப்பதில்லை. அந்த மெட்டில் நெகிழ்ந்த மனம் இந்த அடுக்கில் வறண்டுபோய்விடுகிறதா? எனக்கு இல்லை. இருபது வயதில் அவருக்கு ஏ.எல்.எஸ். நோய் கண்டு கைகள் செயலிழந்தன. தந்தை வகுத்துக் கொடுத்த கண்ணசைவுக் குறிகள் வழியாகத்தான் அவர் பின்னர் இசை அமைத்தார். இந்த மனிதரின் வாசிப்பையும் உட்கொண்ட ஒரு பாணிக்கு 'உணர்ச்சியற்ற' என்று பெயர் வைப்பது நியாயமே இல்லை.

சரியான சொல் எது? என் தேர்வு 'உருட்டல்'. இது புதிதாகச் செய்ததும் இல்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கிச் சோதிக்கும் இடம். 'மெல்விரல்கள் பயிர்வண்டின் கிளைபோலப் பன்னரம்பின் மிசைப்படர' என்று வருகிறது. ஒலிக்கும் வண்டுக் கூட்டம் போல விரல்கள் நரம்புகளின் மேல் பரவுகின்றன. அடுத்து கையின் எட்டுத் தொழில்கள் அடுக்கப்படுகின்றன: 'வார்தல் வடித்தல் உந்தல் உறழ்தல் சீருடன் உருட்டல் தெருட்டல் அள்ளல் ஏருடைப் பட்டடை'. பழைய உரை விளக்கம் உருட்டலையே பல வகையாகப் பிரிக்கிறது: இடக்கைச் சுட்டுவிரலால் உருட்டுவது, வலக்கைச் சுட்டுவிரலால் உருட்டுவது, சுட்டுவிரலோடு பெருவிரலைக் கூட்டி உருட்டுவது, இரு பெருவிரலும் சேர்ந்து உருட்டுவது. யாழுக்கும் மின்கிட்டாருக்கும் உறவு சொல்ல வரவில்லை. யாழில் ஃபிரெட்டே (கம்பியை அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் குறுக்குப் பட்டை) கிடையாது. ஆனால் இரு கை விரல்களும் நரம்பின் மேல் நெருக்கமாக ஓடுவதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. வலக்கை விரலையும் ஃபிரெட் பலகையின் மேல் கொண்டுபோய்த் தட்டுகிற வான் ஹேலனின் டாப்பிங்கையும் அந்தப் பெயர் தாங்கும்.

இன்னும் ஒன்று. இளங்கோவடிகள் வெறுமனே உருட்டல் என்று விடவில்லை, 'சீருடன் உருட்டல்' என்கிறார். சீராகத் தட்டுக் காட்டும் மெட்ரனோம் கருவியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சாதகம் செய்கிற ஷ்ரெட்டர் தேடுவது அந்தச் சீரைத்தான். இவ்வளவும் செய்த பிறகு மாதவி 'செவியின் ஓர்த்து' அறிகிறாள். கைத்தொழிலுக்கு ஒரு பெயர், அது நன்றாக இருந்ததா என்று பார்க்கச் செவி. இந்தப் பிரிவினைதான் இன்றைய விளக்கங்களில் காணாமல் போயிருக்கிறது.

உருட்டலுக்கு ஒரு தடை உண்டு. இன்று இணையத்தில் 'உருட்டு' என்றால் கதை விடுவது, புளுகுவது. இளைஞர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லக்கூடும். அந்த வழக்கு 'உருட்டு' என்ற வடிவத்தோடு நிற்கிறது, 'உருட்டல்' என்பது இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஏதோ ஒரு கொச்சை வழக்குக்குப் பயந்து பழைய இசைச்சொல்லை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒரு சொல்லும் மிஞ்சாது. கர்நாடக இசையில் சுரங்களை விரைவாக அடுக்கிப் பாடுவதைக் குறிக்கும் 'பிருகா' என்று சொல்லலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. பிருகா அழகான சொல், ஆனால் அது குரலில் பிறந்தது, கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்து இழைப்பதோடு, பிசைந்து வருவது. ஷ்ரெட்டில் சுரங்கள் பெரும்பாலும் அசைவின்றி நேராக, தனித்தனியாக விழுகின்றன. பெயரை மாற்றி ஒட்டினால் இரண்டுக்கும் அநியாயம்.

எதிர்ப்பக்கத்துச் சொல்லான 'ஃபீல்' இன்னும் பாவம். அதை 'உணர்ச்சி' என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் அடிப்பொருள் தொட்டுப் பார்ப்பது. கிட்டார்காரர்கள் ஒருவர் வாசிப்பில் ஃபீல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் கையைத்தான் சொல்கிறார்கள்: சுரம் தட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறதா, கம்பியை எவ்வளவு இழுக்கிறார், இழுத்த இடத்தில் எவ்வளவு அகலமாக அசைக்கிறார். ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் ஒரே சுரத்தை அசைத்தே ஆளைச் சாய்த்துவிடுவார். தமிழில் 'ஃபீல் பண்ணாதே' என்றால் வருத்தப்படாதே என்று ஆகிவிட்டதால், 'உணர்ச்சியோடு வாசித்தார்' என்று படிக்கிறவர் சோகப்பாட்டை எதிர்பார்க்கிறார். இதற்குக் 'குழைவு' என்ற சொல்லே போதும். குரல் குழைகிறது, நாகசுரம் குழைகிறது என்று நாம் எப்போதும் சொல்வதுதான். மகிழ்ச்சியான பாட்டிலும் குழைவு இருக்கலாம்.

உருட்டலும் குழைவும் ஒரே கையில் வாழ முடியும் என்பதற்குக் கருவியிலேயே சாட்சி இருக்கிறது. மால்ம்ஸ்டீன் தன் கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிவைத்தார். விரல் மரத்தில் உரசாது, கம்பி எளிதாக இழுபடும். அவருக்கு முன்பே ஜான் மெக்லாக்லின், விக்கு விநாயக்ராமோடும் எல். சங்கரோடும் ஜாகிர் உசேனோடும் சேர்ந்த சக்தி குழுவில், அப்படிக் குடைந்த கிட்டாரை வாசித்தார். அவருக்கு வேண்டியிருந்தது கமகம். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகள் (வீணையின் ஃபிரெட்டுகள்) விரலுக்குத் தரும் அந்த இடைவெளியைத்தான் அவர் கிட்டாரில் தேடினார்.

வீணை என்றதும் இன்னொரு மனக்குறை. ஃபிரெட் என்பதற்கு 'மெட்டு' என்று வீணைக்காரர்களிடம் சொல் இருக்கிறது. 'நெக்' என்பதற்குத் 'தண்டி' இருக்கிறது. 'பெண்ட்' என்பதற்கு 'இழுப்பு' இருக்கிறது. மொழிபெயர்க்கிறவர்களோ கழுத்து, வளைவு என்று எழுதுகிறார்கள். 'ஸ்கேல்' என்பது அளவுகோலாகவும் 'கீ' என்பது சாவியாகவும் வந்து விழுவதைக்கூடப் பார்த்தாயிற்று. வாத்தியம் வாசிக்கிற ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

பேச்சில் ஷ்ரெட் என்றே சொல்வதில் எனக்குத் தடையில்லை. வாசிக்கிறவரையும் ஷ்ரெட்டர் என்றே சொல்லலாம். 'உருட்டுக்காரர்' என்றால் இன்றைய காதில் அவர் புளுகர் ஆகிவிடுவார். தமிழில் பொருள் விளக்கி எழுதும்போது 'உருட்டல் வாசிப்பு' என்று எழுதுங்கள். அதில் குழைவு குறைவு என்று தோன்றினால் அதைத் தனி வாக்கியமாக, உங்கள் பெயரில், காரணத்தோடு எழுதுங்கள்.