தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம்: கத்தி வைக்கும் முன் நடையை அளந்து பாருங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், திருச்சியில் இருக்கும் என் இயன்முறை சிகிச்சை நிலையத்துக்கு அடுத்தடுத்து இருவர் வந்தார்கள். ஒருவர் 70 வயதைத் தொடும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் காந்தி மார்க்கெட் பக்கம் பூக்கட்டி விற்கும் 62 வயது அம்மா. இருவர் கையிலும் எம்.ஆர்.ஐ. உறை. இரண்டு அறிக்கைகளிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: இடுப்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையே கடுமையான கால்வாய்ச் சுருக்கம்.

ஆசிரியர், "உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள்" என்றார். பூக்கார அம்மா, "ஆபரேஷன் செய்தால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள்" என்றார். படம் ஒன்று, நோய் ஒன்று, பயம் மட்டும் நேர் எதிர். இருவருக்கும் அதைச் சொன்னவர்கள் அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும்தான். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த நாள்தான்.

இடுப்பெலும்புகளின் பின்பக்கம் ஓட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து ஒரு கால்வாயாகின்றன. நரம்புகள் அதன் வழியே காலுக்கு இறங்குகின்றன. வயதாக ஆக முன்னால் இருக்கும் ஜவ்வு பிதுங்குகிறது, பக்கவாட்டு மூட்டுகள் தடிக்கின்றன, பின்னால் இருக்கும் மஞ்சள் தசைநார் கனத்து உள்ளே மடிகிறது. மூன்று பக்கமும் நெருக்குவதால் நரம்புக்கு இடம் போதவில்லை. டாக்டர்கள் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்று எழுதித் தருவது இதைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த அறுவைசிகிச்சை நிபுணர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இது தனி நோயாகப் பரவலாக அறியப்பட்டது. அதற்கு முன்னும் நம் தாத்தா பாட்டிகளுக்கு இது இருந்திருக்கும். "வயசாயிற்று, கால் இழுக்கிறது" என்பதோடு விட்டிருப்பார்கள்.

இந்த நோயின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும். நிமிர்ந்து நின்றால் கால்வாய் குறுகும். முன்னால் குனிந்தால் விரியும். அதனால்தான் நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் கனத்து, மரத்து, குடைகின்றன. உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் தெளிந்துவிடுகின்றன. மலைக்கோட்டையில் 400-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. இந்த நோயாளிகளில் பலர் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் கால் மறுக்கும். ஏறும்போது உடல் முன்னால் சாய்கிறது, இறங்கும்போது பின்னால் நிமிர்கிறது. நடக்க முடியாதவர் சைக்கிள் மிதிப்பார். சைக்கிளை ஓட்டாமல் ஹேண்டில்பாரில் சாய்ந்து தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போகும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

வீட்டுக்குள் இது பெண்களுக்குச் செய்யும் அநியாயத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். அடுப்படியில் நின்று நான்கு தோசை வார்க்க முடியவில்லை. ஆனால் வாசலில் குனிந்து பெரிய கோலமே போட்டுவிடுகிறார். "கோலம் போட முடிகிறது, சமைக்க மட்டும் முடியவில்லையா?" என்று வீட்டில் கேட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. குனிந்திருக்கும்போது அவருடைய நரம்புக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், அடுப்புக்குக் கீழே ஒரு மணைப்பலகை போடுங்கள். ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்து நின்றால் இடுப்பின் வளைவு குறையும், நிற்கும் நேரம் கூடும்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990-ல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கால்வாய்ச் சுருக்கம் தெரிந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடியவர்கள் அவர்கள். படத்தில் 'கடுமையான' என்ற சொல்லைப் பார்த்ததும் சாப்பாடு இறங்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சொல் உங்கள் கால்வாயின் அகலத்தைச் சொல்கிறது. உங்கள் வாழ்க்கை எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

ஆகவே என்னிடம் வருபவர்களை முதலில் நடக்க வைப்பேன். எத்தனை மீட்டரில் கால் கனக்கிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, உட்கார்ந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஆசிரியர் 600 மீட்டர் நடந்தார். பூக்கார அம்மா 80 மீட்டரில் உட்கார்ந்துவிட்டார். அதைவிட முக்கியமாக, வலது பாதத்தை மேலே தூக்கச் சொன்னபோது கட்டைவிரல் பாதிதான் எழுந்தது. இரண்டு மாதமாகச் செருப்பு நுனி தரையில் இடறுவதாக அவரே சொன்னார். கால் வலி என்பது வேறு. காலின் வலு நாளுக்கு நாள் இறங்குவது முற்றிலும் வேறு.

வலு இறங்காதவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஸ்வீடனில் சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாத 32 நோயாளிகளைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992-ல் வெளியிட்டார்கள். 70 விழுக்காட்டினர் அப்படியே இருந்தார்கள், 15 விழுக்காட்டினர் தேறினார்கள், 15 விழுக்காட்டினருக்கு மோசமானது. சிறிய ஆய்வுதான். ஆனால் பொறுத்திருந்தால் கால் விழுந்தே தீரும் என்ற பேச்சுக்கு அது நல்ல பதில். இடுப்பில் வரும் சுருக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

நேரம் இல்லாதவர்கள் யார்? சிறுநீர் திடீரென வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுவதும் மரத்துவிட்டாலோ, கால் வலு வேகமாகக் குறைந்தாலோ அன்றைக்கே, நள்ளிரவானாலும், நரம்பு அல்லது முதுகெலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தயவுசெய்து காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்மணி, நடந்தால் கால் தள்ளாடுகிறது என்று வந்தார். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் சுருக்கம் இருந்தது. நானும் இடுப்புக்குப் பயிற்சி கொடுத்தேன். செருப்பு கழன்று விழுவதே தெரிவதில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆறு வாரம் கழித்து வேறொரு மருத்துவர்தான் கழுத்தைப் பார்த்தார். கழுத்தில் தண்டுவடமே நசுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆறு வாரத்தை நான் அவருக்குத் திருப்பித் தர முடியாது. கழுத்தில் சுருக்கம் வந்து கை விரல்கள் தடுமாறத் தொடங்கினால் கணக்கே வேறு. அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து. அன்றிலிருந்து கால் வலி என்று வரும் ஒவ்வொருவரையும் சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில் மற்றொரு குழப்பமும் உண்டு. பாதம் எரிகிறது, அதுவும் இரவில் படுத்தபின் எரிகிறது என்றால் அது பெரும்பாலும் சர்க்கரையால் நரம்பு நலிந்ததன் அடையாளம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் மரத்துப்போகலாம். நடந்தால் கெண்டைக்கால் இறுகி, உட்காராமல் சும்மா நின்றாலே தெளிந்துவிடுகிறது, சைக்கிள் மிதித்தாலும் அதே வலி வருகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முதுகில் அறுவைசிகிச்சை செய்தபின் "வலி அப்படியே இருக்கிறதே" என்று வருபவர்களில் சிலருக்கு, வலிக்கு மூலம் முதுகில் இருந்திருக்கவே இல்லை.

சரி, அறுவைசிகிச்சை இல்லாமல் என்ன செய்யலாம்? முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, வயிற்றுத் தசையை உள்ளிழுத்து இடுப்பைத் தரையோடு பதிப்பது, நிற்கும் சைக்கிளை மிதிப்பது, வலி தொடங்கும் முன்பே உட்கார்ந்து எழுந்து மறுபடி நடப்பது ஆகியவைதான் அடிப்படை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜவ்வு விலகியபோது கற்றுக்கொடுத்த புஜங்காசனத்தை நீங்கள் செய்யாதீர்கள். அது முதுகைப் பின்னால் வளைக்கும், உங்கள் கால்வாயை இன்னும் குறுக்கும். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்க இறுக்கிக்கொண்டிருப்பதால் தசை சோம்பிப்போகும். நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், காபாபென்டின் மாத்திரைகள் முதியவர்களுக்குத் தலைசுற்றலைத் தரலாம். இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் கதையே மாறிவிடும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி 400 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2014-ல் வந்தது. மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டவர்களைவிட, ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. ஊசிமேல் ஊசியாகப் போட்டுக்கொண்டே போவதை நான் ஆதரிப்பதில்லை.

பயிற்சிக்கும் அறுவைசிகிச்சைக்கும் நேரடிப் போட்டி வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அறுவைசிகிச்சைக்குச் சம்மதித்திருந்த 169 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரு குழுவினரின் உடல் இயக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு பயிற்சியே போதும் என்று என் தொழிலைச் சேர்ந்த சிலர் பேசுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. பயிற்சிக் குழுவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடையிலேயே அறுவைசிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். 654 பேரைத் தொடர்ந்த மற்றொரு பெரிய அமெரிக்க ஆய்வில், அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் சில ஆண்டுகள் தெளிவாகவே முன்னணியில் இருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்களிடம் நான்காம் ஆண்டுக்குப் பிறகு அந்த இடைவெளி குறைந்தது. தாங்களாகவே தேர்ந்தெடுத்தவர்களிடம் எட்டாண்டு வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு இரண்டாவது அறுவைசிகிச்சை தேவைப்பட்டது. நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிவது 9 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது; பெரும்பாலும் அங்கேயே தைத்துச் சரிசெய்துவிடுவார்கள்.

கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போல் தனித்தனி நரம்பு இழைகள்தான் தொங்குகின்றன. நான்காம், ஐந்தாம் எலும்பில் வேலை செய்யும்போது கத்தி தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை. நரம்பு இழைக்குக் காயம் படும் ஆபத்து உண்டு, ஆனால் அது அரிது. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, மயக்க மருந்தின் ஆபத்து ஆகியவையும் உண்டு. 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் மருத்துவரைவிட, இவற்றை உட்கார்ந்து விளக்கும் மருத்துவரையே நான் நம்புவேன்.

அவரிடம் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: நரம்புக்கு இடம் விட்டுக்கொடுத்தால் மட்டும் போதுமா, கம்பியும் ஸ்குரூவும் எதற்கு? எலும்பு நழுவி ஆடிக்கொண்டிருந்தால் கம்பிக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் 247 பேரிடம் ஸ்வீடனில் நடந்து 2016-ல் வந்த ஆய்விலும், எலும்பு சற்று நழுவியிருந்த 267 பேரிடம் நார்வேயில் நடந்து 2021-ல் வந்த ஆய்விலும், இடம் விட்டுக்கொடுத்தது மட்டுமே கம்பி வைத்ததற்கு ஈடாக இருந்தது. கம்பி என்றால் பெரிய அறுவைசிகிச்சை, கூடுதல் ரத்த இழப்பு, கூடுதல் செலவு. காரணத்தைக் கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது.

எதை எதிர்பார்ப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். காலில் வரும் வலியும் நடையும் நன்றாகத் தேறும். இடுப்பு வலிக்கு அந்த உறுதி கிடையாது. பல ஆண்டுகளாக மரத்த பாதம் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். பிறகு, வீட்டார் பாசத்தில் செய்யும் தவறு ஒன்று: மூன்று மாதம் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்பது. பெரும்பாலோரை மறுநாளே நடக்க வைத்துவிடுவார்கள். படுத்தே கிடந்தால் ரத்தம் உறையும், தசை கரையும்.

பூக்கார அம்மாவைத் தாமதிக்காமல் அறுவைசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். அவருக்குச் சர்க்கரையும் ஏறியிருந்தது. பாதம் சோர்ந்துகொண்டிருந்ததால் அதை வாரக்கணக்கில் மெதுவாக இறக்க நேரமில்லை. மருத்துவமனையில் சேர்த்து இன்சுலின் கொடுத்துக் கட்டுக்குள் கொண்டுவந்து, அதே வாரத்தில் கம்பி வைக்காமல் நரம்புக்கு மட்டும் இடம் செய்துகொடுத்தார்கள். கார்த்திகையில் அதிகாலை மொத்தக் கடையில் நின்று தானே பூ எடுக்க ஆரம்பித்துவிட்டார். கட்டைவிரல் இன்னும் முழுதாக எழவில்லை.

ஆசிரியர் அறுவைசிகிச்சை செய்துகொள்ளவில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் மறுபடி நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இப்போது ஒரு கிலோமீட்டர் நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடக்கிறார். நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறார். அடுத்த மாதம் அந்த நோட்டோடு வருவார். எண்கள் இறங்கியிருந்தால் அறுவைசிகிச்சையைப் பற்றி மறுபடி பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.