லீன் – பற்றுரிமை

வைப்புத்தொகையின் பேரில் கடன் வாங்கியவர்கள், ‘லீன் போட்டிருக்கு’ என்று வங்கியில் சொல்லக் கேட்டிருப்பார்கள். பணம் உங்கள் பெயரில்தான் இருக்கும். கடன் தீரும்வரை எடுக்க முடியாது. சிலர் ‘லியன்’ என்பார்கள்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம், ‘கட்டுதல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘லிகாரே’. மூட்டெலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நாரை மருத்துவர்கள் ‘லிகமென்ட்’ என்பதும் அதே வேரிலிருந்துதான்.

செப்பனிட வந்த பொருளைக் கூலி கிடைக்கும்வரை தராமல் வைத்துக்கொள்ளும் உரிமை என்பது இதன் பழைய சட்டப் பொருள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 170 இதைச் சொல்கிறது. மருத்துவர் நோயாளியைப் பிடித்துவைக்க முடியுமா? முடியாது. அவருக்கு லீன் உள்ள இடங்களில், அது நோயாளிக்கு வரவேண்டிய இழப்பீட்டுப் பணத்தின்மேல்தான்.

கலிபோர்னியாவில் இது பெரிய விவகாரம். மூட்டை தூக்கி முதுகு பிசகிய தொழிலாளிக்கு, ‘இது வேலையால் வந்ததல்ல’ என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கிறது. மருத்துவர் லீனை நம்பிச் சிகிச்சை தருகிறார். பிறகு தொழிலாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் கோரிக்கை பதிகிறார். 2013 முதல் பதிவுக் கட்டணம் 150 டாலர். அவ்வாண்டு ஜூலை 1 முதல் அளித்த சிகிச்சைக்குக் கோரிக்கை பதியக் கெடு, சிகிச்சை நாளிலிருந்து 18 மாதம். தொழிலாளியும் நிறுவனமும் ஒரு மொத்தத் தொகைக்குச் சமரசம் செய்துகொண்டாலும், அதில் கையெழுத்திடாத மருத்துவரின் கோரிக்கை அப்படியே நிற்கும். அதனால்தான் லீன்களை யார் தீர்ப்பது என்று சமரசப் பத்திரத்திலேயே எழுதுகிறார்கள். வழக்கை நடத்தினால், காயம் வேலையால் வந்ததே என்று நிரூபிக்கும் சுமை மருத்துவர் தலையில்.

தொழிலாளியின் கடனுக்கு இழப்பீட்டில் கைவைக்கக் கூடாது என்பதே அங்கும் பொதுவிதி; லீன் அதற்கு விலக்கு. நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இன்னும் கறாராக இருந்தது: அச்சட்டமே அனுமதித்தாலொழிய அந்தப் பணத்தின்மேல் யாரும் உரிமை கோர முடியாது என்றது.

தமிழில் ‘பிணை’ என்று எழுதுவது சரியில்லை, அது ஜாமீன். ‘அடமானம்’ நாமே மனமுவந்து வைப்பது. லீனோ சட்டத்தாலும் வந்து சேரும். ‘பிடித்தம்’ என்றால் பணமே கழிந்துபோகும். ‘பற்றுரிமை’தான் பொருந்துகிறது, கணக்கேட்டுப் ‘பற்று’ இடையில் வந்து சற்றுக் குழப்பினாலும். வேறு இடத்துக்குப் போன அரசு ஊழியர் பழைய பணியிடத்தில் வைத்திருக்கும் ‘லியன்’ பணத்தைப் பற்றியதல்ல; அதற்குப் ‘பணியிடப் பற்றுரிமை’ எனலாம்.