சரளை: கூழாங்கல்லும் அல்ல, ஜல்லியும் அல்ல

“ஸ்பெயினின் போக்குவரத்தற்ற கூழாங்கல் பசுமை வழிச்சாலைகளில் ஒரு மிதிவண்டிப் பயணம்.” போன வாரம் கண்ணில் பட்ட தலைப்பு. ‘கூழாங்கல் சாலை’யை இந்த ஆண்டில் நான்காவது முறையாகப் படிக்கிறேன். முதல் மூன்று முறை பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். இந்த முறை ஒரே வரியில் மூன்று பிழை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கில ‘கிராவல்’ (gravel) என்பதைத்தான் இப்படிக் கூழாங்கல் ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். பழைய பிரெஞ்சில் ‘கிராவ்’ என்றால் மணலும் பொடிக்கல்லும் கலந்த கரை. அதையே ‘சின்னது’ என்ற பொருளில் சொன்னது ‘கிராவெல்’. அடியில் இருப்பது கெல்டிக் வேர் என்பார்கள். போர்தோ பக்கத்தில் ‘கிராவ்’ என்ற மது வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்ததும் அந்தக் கல்மண்தான். பாரிஸில் சென் ஆற்றங்கரையில் இதே குடும்பப் பெயரோடு ‘கிரெவ்’ என்றொரு சதுக்கம் இருந்தது. வேலை கேட்டு வருகிறவர்கள் அங்கே கூடி நின்றதில், வேலைநிறுத்தத்துக்கே பிரெஞ்சில் ‘கிரெவ்’ என்று பேராகிவிட்டது. அது தனிக் கதை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? சரள், சரளை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இன்றும் ‘சரள் மண்’தான். மலையாளத்தில் ‘சரல்’. ‘சரளமாகப் பேசினார்’ என்பதில் வரும் சரளம் வடமொழி. இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இன்னும் பின்னால் போனால் சங்கப் பாட்டுகளில் பரலும் முரம்பும் பாலை நிலம் முழுக்கக் கிடக்கின்றன. பரல் தனிக் கல், முரம்பு கல் நிறைந்த மேட்டு நிலம். ஆனால் பரல் இப்போது சிலம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, முரம்பைப் புலவர்களைத் தவிர யாரும் தேடுவதில்லை. புழக்கத்தில் மிஞ்சியது சரளை. அது போதும்.

இனி கூழாங்கல். ஆற்றுத் தண்ணீர் உருட்டி உருட்டி மழமழவென்று ஆக்கிய கல் அது. முனை கிடையாது, விளிம்பு கிடையாது. ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. அதைக் கொட்டி ரோலர் விட்டால் பக்கவாட்டில் நழுவி ஓடும். மீன் தொட்டிக்கு ஆகும், தோட்டத்துத் தொட்டிக்கு ஆகும், சாலைக்கு ஆகாது. மொழிபெயர்ப்பாளருக்கோ கல் என்று வந்தால் கூழாங்கல்தான். ஆற்றங்கரையில் கிடப்பதும் கூழாங்கல், ஸ்பெயின் நாட்டுத் தடத்தில் கிடப்பதும் கூழாங்கல். வடக்கு பிரான்சில் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் நடக்கும் கல் பாவிய தெருக்களும் கூழாங்கல். அந்தக் கல் செங்கல் அளவுக்குச் செதுக்கி அடுக்கியது. ஒரு கூழாங்கல்லாவது அப்படி இருக்குமா? ‘பாவுகல்’ என்ற நல்ல சொல் கோயில் பிராகாரத்தில் காலுக்கடியில் கிடக்க, குனிந்து பார்க்க ஆளில்லை.

இதை நான் அகராதியை வைத்துக்கொண்டு மட்டும் சொல்லவில்லை. வட கிழக்கு ஸ்பெயினில் கத்தலோனியா. அங்கே ஓலோட்டிலிருந்து ஜிரோனா வரை 54 கிலோமீட்டர் ஒரு குறும்பாதை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘கரிலெட்’, குட்டி ரயில். 1969இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தத் தடத்தில் நடக்கலாம், சைக்கிள் விடலாம். பெரும்பகுதியில் கார் வராது. ஓலோட் எரிமலைக் குன்றுகளுக்கு நடுவே மேட்டில் இருக்கிறது, ஜிரோனா தாழ்வில். புத்தியுள்ளவர்கள் மேலிருந்து கீழே வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன், வாடகைக்கு எடுத்த வண்டியில். 40 மில்லிமீட்டர் அகல டயர், காற்று வழக்கத்தைவிடக் குறைவு. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போகும். கல் மீது ஏறும்போது டயர் அதைக் கவ்விக்கொண்டு போகிற சத்தம், வறுத்த கடலையை மெல்லுகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அமேர் என்ற ஊருக்கு முன்னால் இறங்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். பட்டாணி அளவுக் கல், அதைவிடச் சிறியது, குறுமணல், கடைசியில் விரலில் ஒட்டும் பொடி. எல்லாம் கலந்து இறுகிக் கிடந்தது. பொடிதான் சூட்சுமம். பெரிய கல்லின் இடுக்கைச் சின்னக் கல் நிரப்பும், அதன் இடுக்கைப் பொடி நிரப்பும், தண்ணீர் தெளித்து ரோலர் விட்டால் கெட்டியாகும். இப்படித் தடத்துக்குப் போடும் கலவைக்கு ஸ்பானிய மொழியில் ‘சவோரா’ என்று பெயர். கப்பல் கவிழாமல் இருக்க அடித்தட்டில் கொட்டும் பாரமணலை லத்தீனில் ‘சபுர்ரா’ என்பார்கள், அதிலிருந்து வந்தது. அந்தக் கைப்பிடியை ஒரு சின்னக் கவரில் போட்டு ஊருக்கும் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை விடுங்கள்.

பெரியப்பா காங்கேயம் பக்கம் ரோடு வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். கவரைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். “சரளைதான். பொடி நல்லா சேர்ந்திருக்குது. தண்ணி ஊத்தி ரோலர் உட்டிருக்கறாங்க” என்றார். கூழாங்கல் என்று எழுதுகிறார்களே என்றேன். “கூழாங்கல்லுல எவன் கண்ணு ரோடு போடுவான்?” விவாதம் அத்தோடு தீர்ந்தது என் மட்டில்.

ஜல்லி என்று எழுதுகிற கட்சியும் உண்டு. இவர்கள் பரவாயில்லை, கல்லுடைக்கும் இடத்தையாவது பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஜல்லி உடைத்துச் சலித்த கல், ஒரே அளவு, கூர் விளிம்பு. கான்கிரீட்டுக்கும் தண்டவாளத்துக்கு அடியிலும் போவது அது. அதன் மேல் சைக்கிள் விட்டுப் பாருங்கள், பத்தடி தாண்டமாட்டீர்கள். கப்பியும் அப்படித்தான், தார் போடுமுன் கெட்டிப்பதற்கு. இன்னொரு வாதம், சரளை என்றால் சிவப்பு, இத்தாலியில் சியெனாவைச் சுற்றிய பாதைகள் வெள்ளையாயிற்றே என்பது. நிறம் மண்ணின் குணம், சொல்லின் பொருள் அல்ல. அங்கே ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்பார்கள், அப்படியே ‘வெள்ளைச் சாலைகள்’. 1997இல் கயோலே இன் கியாந்தி என்ற ஊரில் பழைய சைக்கிள்களோடு ‘எரோயிக்கா’ ஓட்டத்தைத் தொடங்கியதே அந்தப் பாதைகளுக்குத் தார் பூசிவிடாமல் காப்பதற்குத்தான். தமிழில் ‘வெண்சரளைப் பாதை’ என்றால் யாருக்குப் புரியாது?

அப்படியே ‘கிராவல்’ என்று விட்டுவிடலாமே என்பார்கள். நம்மூரில் கிராவல் என்றதும் கண்ணுக்குள் வருவது மண் அள்ளிய லாரி. ‘கிராவல் மண் கடத்தல், இருவர் கைது.’ பள்ளம் நிரப்பும் மண்ணுக்கு அந்தச் சொல் பட்டா வாங்கிவிட்டது. வண்டியை வேண்டுமானால் கிராவல் சைக்கிள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கடையில் அப்படித்தான் கேட்கப்போகிறோம். தடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்த பிழை ‘பசுமை வழிச்சாலை’. ஸ்பானியத்தில் ‘வியா வெர்தே’. கைவிட்ட ரயில் தடங்களை 1993 முதல் நடைக்கும் சைக்கிளுக்கும் மாற்றி வருகிறார்கள், கரிலெட் தடத்தைப் போல. இப்போது 3,000 கிலோமீட்டருக்கு மேல். இயந்திர வண்டி கூடாது என்பதுதான் அதன் உயிரே. தமிழில் பசுமை வழிச்சாலை என்றால் என்ன? சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை. வயலுக்கும் கிணற்றுக்கும் நடுவே புதிதாக வெட்டத் திட்டமிட்ட சாலை, 2018இல் உழவர்கள் எதிர்த்து நின்ற சாலை. அது இல்லையென்றால் சென்னையில் அமைச்சர்களின் பங்களாக்கள் உள்ள தெரு. இரண்டுமே சைக்கிள்காரனுக்கு ஆகிற இடமல்ல.

‘வியா’ என்பதற்கு ஸ்பானியத்தில் வழி என்றும் பொருள், தண்டவாளத் தடம் என்றும் பொருள். தமிழில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் இருக்கிறது. ரயில் கவிழ்ந்தால் என்ன எழுதுகிறோம்? தடம் புரண்டது. வண்டி போன சுவடும் தடம்தான், ஊர்க்காட்டு வழியும் தடம்தான். ஆக, பசுந்தடம். தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் ஓல்வேராவிலிருந்து புவெர்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர் பசுந்தடம் ஒன்று போகிறது, 30 சுரங்கங்களோடு. 1920களில் வெட்டிய அந்தப் பாதையில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. புரள்வதற்கு ரயிலே வராத தடம். வழியில் சாஃப்ராமகோன் பாறையில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக வட்டமிடும்.

‘போக்குவரத்தற்ற’ மிச்சம். போக்கும் வரத்தும் அற்றால் அது பாதையே அல்ல, முள் மூடிய புறம்போக்கு. கார் இல்லை என்று சொல்ல வந்தவர் மனிதரையே விரட்டிவிட்டார். ‘மோட்டார் புகாத’ என்றால் போதும், ‘வண்டி புகாத’ என்றால் சைக்கிளும் தடுக்கி விழும்.

ஆக, தலைப்பை இப்படித் திருத்தினேன்: “ஸ்பெயினின் மோட்டார் புகாத பசுந்தடங்களில் ஒரு சரளைப் பயணம்.” எழுதிய பத்திரிகைக்கே அனுப்பினேன். ஆசிரியர் மறுநாள் போன் செய்தார். பசுந்தடம் அருமை சார், அடுத்த இதழிலிருந்து போடுகிறோம் என்றார். ‘சரளை’தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறதாம். வாசகர்களுக்குச் சரளமாகப் புரியாது என்றார்.