கைப் பலத்துக்குப் பந்து மட்டும் போதாது

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு பிரித்தவர்கள், சர்க்கரை நோயில் உடம்பு மெலிந்தவர்கள், குக்கர் மூடியைத் திருப்ப முடியவில்லை என்று சொல்லும் அறுபது வயது அம்மாக்கள் என யார் பிசியோதெரபிக்கு வந்தாலும், வருவதற்கு முன்பே ஒரு பொருளை வாங்கியிருப்பார்கள். பிசைகிற ரப்பர் பந்துதான் அது. டிவி பார்த்தபடி அரை மணி நேரம் பிசைவார்கள். முதல் வாரம் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருக்கும், அதற்கப்புறம் அப்படியே நின்றுவிடும்.

பந்து கெட்ட பொருள் அல்ல. அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, முதல் நாள் எவ்வளவு எதிர்ப்புக் கொடுத்ததோ அதே அளவுதான் ஆறு மாதம் கழித்தும் கொடுக்கும். சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் தசைக்கு வளர வேண்டிய தேவை வரும். இன்னொன்று, பந்து விரல்களை மடக்க மட்டுமே பழக்கும். கையின் வேலையில் அது ஒரு பகுதிதான்.

இதை உங்கள் கையிலேயே சோதித்துப் பாருங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே சுற்றிப் பிடித்துக்கொண்டு வலது கையை இறுக்கி மூடுங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டுமே புடைக்கும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன. அவற்றின் நாண்கள்தான், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பட்டைகள்தான், விரல் வரை ஓடுகின்றன. வெளிப்பக்கத் தசைகள் மணிக்கட்டைச் சற்றே பின்னோக்கி நிறுத்திக் கொடுக்கின்றன. இப்போது மணிக்கட்டை உள்பக்கமாக முழுதாக மடக்கி வைத்துக்கொண்டு கையை மூடிப் பாருங்கள். பிடி இறுகாது. ஆகவே, முன்கையின் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

கையில் தெம்பு குறைவதை வயசானால் சகஜம் என்று விட்டுவிடுகிறோம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிடிவலிமை 5 கிலோ குறையக் குறைய, எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. கையை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. மொத்த உடம்பின் தசை நிலையைக் கைப்பிடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். முதுமையில் தசை இழப்பைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோலில், ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பிடி பலவீனம் என்று கணக்கு. பல பிசியோதெரபி பிரிவுகளில் இதை அளக்கும் கருவி இருக்கும். கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சரி, எதை வைத்துப் பயிற்சி செய்வது என்று பார்ப்போம். டம்பெல் வாங்கினால் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு அடுத்தது இரண்டு கிலோ. கட்டு பிரித்த கைக்கு அது ஒரே தாவலில் இரண்டு மடங்கு சுமை. வீட்டில் கிடக்கும் பாட்டிலில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் சுமார் இருநூறு கிராம். டம்ளர் டம்ளராக எடையைக் கூட்டலாம். பலவீனமான கைக்குக் கடைச் சாமானை விடப் பாட்டில்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் நிரம்பியும் போதவில்லை என்றால் அதே பாட்டிலில் உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒன்றரை கிலோ வரும். சந்தேகமிருந்தால் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம். மெல்லிய தண்ணீர் பாட்டில் கசங்கிவிடும், கூல்டிரிங்ஸ் பாட்டில் நல்லது.

மேசை ஓரத்தில் முன்கையை வைத்து, மணிக்கட்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து ஏற்றி இறக்குங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க ஒரு சுற்று, கீழ்நோக்கி இருக்க ஒரு சுற்று. கீழ்நோக்கிய நிலையில் தூக்கும் தசைகள் பலம் குறைந்தவை. அதற்கு ஏறக்குறைய பாதி எடை போதும். ஏற்றுவதைவிட இறக்குவது மெதுவாக இருக்கட்டும், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருந்தால் எடை சரி. இருபது தடவை பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் இன்னொரு டம்ளர் ஊற்றுங்கள்.

முன்கையைத் திருப்பும் வேலையை யாரும் கவனிப்பதில்லை. சாவி திருப்ப, பூட்டுத் திறக்க, இட்லி மாவுப் பாத்திரத்தைச் சாய்த்து ஊற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். வீட்டில் சுத்தியல் இருந்தால் போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுத்தியலைச் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக உள்ளும் வெளியும் சாயுங்கள். தலைப்பக்கம் பிடித்தால் லேசு. பிடியை ஒரு விரல்கடை கீழே இறக்கினால் அதே சுத்தியல் கனமாகிவிடும். நம்மூர்க் கர்லாக்கட்டையிலும் இதே கணக்குதான், எடை பிடியிலிருந்து தள்ளி இருக்கிறது.

இருப்பதிலேயே நல்ல பயிற்சி எது என்று கேட்டால், சுமந்து நடப்பதைச் சொல்வேன். மூடியுள்ள ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். தோள் இறங்காமல், நிமிர்ந்து, அரை நிமிடம் நடை. கைப்பிடி விரலை அறுத்தால் பழைய துணி சுற்றுங்கள். துணி தடிமனாக ஆக, பிடிப்பதும் கடினமாகும், எடை கூட்டாமலே பயிற்சி ஏறும். விரலோடு தோள், முதுகு, கால் எல்லாம் இதில் சேர்ந்து வேலை செய்யும். முதியவர்கள் வாளி எடுக்க வேண்டாம். தண்ணீர் தளும்பிய தரையில் வழுக்கி விழுந்தால் முதலில் ஊன்றுவது கையைத்தான். வயதான பெண்களின் மணிக்கட்டு பெரும்பாலும் அப்படித்தான் முறிகிறது.

ஈரத் துண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கிப் பிழிவது தனிப் பயிற்சியாகவே செய்யத் தக்கது. விரல் நுனிப் பிடிக்குத் துணி கிளிப். விரிப்பதற்கு, ஐந்து விரல் நுனியையும் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விரியுங்கள். ஒன்று லேசானால் இரண்டு. காய்ந்த அரிசியோ மணலோ நிரப்பிய வாளிக்குள் கையை விட்டு விரலை விரித்து மூடுவதும் நல்லது. விரலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் அதற்கு முன்னும் பின்னும் தோலில் கீறல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் கயிறு ஏறுதலுக்காகக் கேட்பதுண்டு. உறுதியான கம்பியில் பழைய துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தொங்குங்கள். தசை சில வாரங்களில் தேறும், நாண் அதைவிடத் தாமதமாகத்தான் தேறும். முழங்கையின் பக்கவாட்டில் வலி ஆரம்பித்த பிறகும் வெறியோடு தொங்கினால், மாதக்கணக்கில் கயிற்றையே தொட முடியாமல் போகும்.

எடையை எடுக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்கையில் இரத்த அழுத்தம் ஏறும், மூச்சையும் அடக்கினால் இன்னும் ஏறும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கட்டு பிரித்தவர்களும் அப்படியே. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் சுமை.

சில கைகளுக்கு இறுக்கும் பயிற்சியே ஆகாது. பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் இறுகி மடங்கிய கையில் பந்தைத் திணித்து, “அமுக்குப்பா, அமுக்கு” என்று குடும்பமே உற்சாகப்படுத்துவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் மடங்கும் தசை ஏற்கெனவே அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு வேண்டியது விரிப்பதும், நீட்டி வைப்பதும், பொருளைப் பிடித்தபின் விடப் பழகுவதும். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். பிசையப் பிசைய அது மோசமாகும். மடங்கிய விரல் சொடக்கென்று விடுபடுகிறவர்கள், மூட்டு சூடாக வீங்கியிருப்பவர்கள், இவர்களும் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பலவீனம் வந்த விதத்தையும் பாருங்கள். ஒரு பக்கக் கை திடீரென்று துவண்டால், வாய் கோணினால், பேச்சு குளறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு கையிலும் மெல்ல மெல்லத் தடுமாற்றம் வந்து, பொத்தான் போட முடியாமல், நடையும் தள்ளாடினால் கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தோலில் உணர்வில்லாத வெளிர் திட்டோடு விரல்கள் மடங்கத் தொடங்கினால் தொழுநோயாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் கை ஊனமாவதைத் தடுக்கலாம்.

பந்து பிசையச் சொல்வதற்குச் சரியான இடமும் ஒன்று உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைப்பது) வைத்தவர்களுக்கு, இரத்தக்குழாய் நன்றாக விரிவடைவதற்காக அதை மருத்துவரே சொல்வார். எப்போது தொடங்குவது என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கையில் கேன், வாளி, மணல் பாட்டில் எதையும் அவரைக் கேட்காமல் தூக்காதீர்கள்.