லைட் எரிகிறதே என்று பேட்டரியை நம்பாதீர்கள்

இந்த வாரத்தில் மட்டும் இது நான்காவது வண்டி. விடிவதற்கு முன்பே போன். "தம்பி, சாவியைத் திருப்பினா டக் டக்குனு சத்தம்தான் வருது. பேட்டரியா இருக்காது, ரெண்டு மாசம் முன்னாலதான் புதுசு போட்டேன்" என்றார் ஒரு பெரியவர். அன்று மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

போய்ப் பார்த்தேன். முன்கண்ணாடி முழுக்கப் பனி உறைந்து கிடந்தது. பானட்டைத் தூக்கி மீட்டரை வைத்தால் 11.8 வோல்ட்தான், சார்ஜ் ஏறக்குறைய காலி. டார்ச் அடித்து, மேல்மூடியில் குத்தியிருந்த தேதிக் குறியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். அவர் வாங்கி 2 மாதம்தான். ஆனால் அந்த பேட்டரி தயாராகி 16 மாதம் ஆகியிருந்தது. நடுவில் 14 மாதம் ஏதோ ஒரு அலமாரியில் சார்ஜ் காணாமல் கிடந்திருக்கிறது. போதாததற்கு, அவருடையது சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி. அதில் போய் சாதாரண பேட்டரியை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் விவரம் இல்லாதவர் அல்ல. கடையில் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 22 வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் இதே கதை. அதனால்தான் இந்த முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஒரு வாக்கியம்: "ஹெட்லைட் பளிச்சுனு எரியுது, ஹார்ன் அடிக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு." இல்லை. ஒரு சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் பல்பு 55 வாட். இரண்டும் சேர்ந்து எரிய 10 ஆம்பியர்கூட வேண்டாம். என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கோ சின்ன பெட்ரோல் வண்டியிலேயே 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். டீசல் என்றால் 200, 300 என்று போகும். அதுவும் சாவியைத் திருப்பிய அந்த நொடியில், ஒரே மூச்சில். பத்துப் படி மெதுவாக ஏறிய ஒருவரைப் பார்த்து, இவர் மூட்டை தூக்குவார் என்று சொல்ல முடியுமா? லைட் எரிவது பேட்டரியில் உயிர் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. வண்டியைக் கிளப்பும் பலம் இருக்கிறது என்பதற்கு அல்ல. தயவுசெய்து இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, குளிர்தான் கெடுத்துடுச்சு." குளிர் கெடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. பேட்டரியை உள்ளுக்குள் அரிப்பது கோடைச் சூடுதான். பிளேட் அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் அப்போதே நடந்து முடிந்துவிடும். சூடான நாட்களில் அரை பலத்திலும் வண்டி கிளம்பிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வெப்பநிலை 0 டிகிரிக்கு வரும்போது நல்ல பேட்டரியே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். மைனஸ் 18-ல் பாதிக்கும் மேல் போய்விடும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி, என்ஜின் வழக்கத்தைவிடக் கூடுதல் பலம் கேட்கும். ஏற்கனவே தேய்ந்த பேட்டரி அங்கேதான் கையை விரிக்கும்.

சரி, புதிதாக வாங்கப் போகிறீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை ஏஎச்?" என்பதுதான். ஏஎச், அதாவது ஆம்பியர்-அவர் என்பது நிதானமாக எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு. 60 ஏஎச் பேட்டரி என்றால் சாதாரண வெப்பநிலையில் 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும். உறைந்த காலையில் செல்ஃப் எடுக்குமா என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது சிசிஏ, அதாவது கோல்டு கிராங்கிங் ஆம்பியர். மைனஸ் 18 டிகிரியில் எவ்வளவு கரண்ட்டை விடாமல் தர முடியும் என்ற அளவு அது. ஒரே ஏஎச் உள்ள இரண்டு பேட்டரிகளில் சிசிஏ வெவ்வேறாக இருக்கும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். எஸ்ஏஇ, இஎன் என்பவை சிசிஏ-வை அளக்கும் அமெரிக்க, ஐரோப்பிய முறைகள். எஸ்ஏஇ முறையில் அந்தக் கரண்ட்டை 30 நொடி, 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் தர வேண்டும். இஎன் முறையில் 10 நொடி, 7.5 வோல்ட். அதனால் முறை வேறாக இருந்தால் எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. வெறும் 'சிஏ' என்று போட்டிருந்தால் அது 0 டிகிரியில் அளந்தது. எண் பெரிதாகத் தெரியும், மயங்க வேண்டாம்.

வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் சிசிஏ-வுக்குக் குறையவே கூடாது. கொஞ்சம் கூடினால் நல்லது. "சிசிஏ அதிகமானால் மோட்டார் எரிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோட்டார் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.

அடுத்தது தேதி. தயாரித்து 3 மாதத்துக்குள் என்றால் நிம்மதியாக வாங்கலாம், 6 மாதம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். பல கம்பெனிகள் மாதத்தை எழுத்தாகவும் வருடத்தை எண்ணாகவும் குறிக்கும். புரியவில்லையா, கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கையோடு மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புது பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் "சார்ஜ் பண்ணித் தருகிறேன்" என்பார்கள். வேண்டாம், வேறு கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதில் என்ன கூச்சம்? பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோமே.

வாரண்டி மாதங்களை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அதில் முழுதாக மாற்றித் தரும் காலம் எவ்வளவு, கழிவு போக மீதிக் காசு கட்ட வேண்டிய காலம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி என்றால் ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருப்பது) அல்லது இஎஃப்பி (சாதாரண பேட்டரியையே பலப்படுத்திச் செய்தது) வகைதான். கம்பெனியிலிருந்து ஏஜிஎம் வந்திருந்தால் மறுபடியும் ஏஜிஎம்மே போடுங்கள். விலை கூடத்தான் செய்யும். ஆனால் ஒரே பயணத்தில் பத்து இருபது தடவை அணைந்து கிளம்பும் வேலைக்கு சாதாரண பேட்டரி செய்யப்படவே இல்லை. பெரியவருக்கு நடந்தது அதுதான். இப்போது பல வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் இருக்கிறது. அந்த மாதிரி வண்டிகள் சிலவற்றில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே வண்டி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். மாற்றுகிறவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டெர்மினல் எந்தப் பக்கம், டிரேயில் உட்காருமா என்பதெல்லாம் பழையதைப் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். கீழே இறுக்கும் கிளாம்ப்பை மட்டும் "அப்புறம் மாட்டிக்கலாம்" என்று விடாதீர்கள். ஆடுகிற பேட்டரிக்கு ஆயுசு இல்லை.

வாங்குவதற்கு முன்பு இதையும் பாருங்கள். எத்தனையோ நல்ல பேட்டரிகளை, ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் கோளாறுக்காகக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வர வேண்டும். போன மாதம் ஒரு வண்டியில் டெர்மினல் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் பிரஷ்ஷால் தேய்த்தேன், உள்ளே ஈயம் பளபளவென்று வந்தது. டெர்மினல் கிளாம்ப்பை இறுக்கிச் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே கிளம்பியது. பேட்டரிக்கு ஒன்றுமே இல்லை.

வீட்டிலேயே கழற்றினால் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அப்புறம், முழுதும் சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உள்ளே உறைந்துவிடும். பக்கவாட்டு உப்பியிருந்தால் ஜம்ப் கேபிளைத் தொடவே வேண்டாம், வெடிக்கும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆசிட் தெறித்த முகத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

பேட்டரிக்கு 4 வருடம் ஆகிவிட்டதா? குளிர் வருவதற்கு முன்பே லோட் டெஸ்ட், அதாவது பேட்டரிக்குப் பாரம் கொடுத்துப் பலம் பார்க்கும் சோதனை, செய்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். அதிலும் வீட்டில் வயதானவர்கள் ஓட்டும் வண்டியை முதலில் பாருங்கள். அவர்கள் பக்கத்திலேயே போய்த் திரும்புகிறவர்கள். அந்தக் குட்டிப் பயணத்தில், கிளம்ப எடுத்த சார்ஜ்கூடத் திரும்ப ஏறாது. வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு நல்ல தானியங்கி சார்ஜர் வாங்கி, எப்படி மாட்டுவது என்று நீங்களே பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள்.