லோ-ஃபை: தமிழில் என்ன சொல்லலாம்?

ஹை-ஃபைக்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்தது லோ-ஃபை. இரண்டிலும் உள்ள 'ஃபை', ஃபிடெலிட்டி என்பதன் சுருக்கம். நம்பிக்கை, உண்மைப்பற்று எனப் பொருள்படும் ஃபிடெஸ் என்ற இலத்தீன் சொல் அதன் வேர். மைக் முன் எழுந்த ஒலியோடு ஸ்பீக்கரில் கேட்கும் ஒலி எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே ஒலிப்பதிவில் இதன் பொருள்; ஒத்துப்போவது மிகுந்தால் ஹை-ஃபை, குறைந்தால் லோ-ஃபை. பாட்டு நல்ல பாட்டா என்பது வேறு கேள்வி. நெடுங்காலம் குறைசொல்லவே பயன்பட்ட இச்சொல்லை, 1986இல் அமெரிக்காவின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலியில் வில்லியம் பெர்கர் வீட்டுப் பதிவுகளுக்கான தன் நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்தார். பிறகுதான் அது ஓர் இசைப்பாணியின் பெயராகப் பரவியது.

இசையோ பெயருக்கு முன்பே வந்துவிட்டது. நியூசிலாந்தின் டனீடன் நகரக் குழுவான 'தி கிளீன்' 1981இல் வெளியிட்ட முதல் சிங்கிள் (ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு) 'டாலி ஹோ!'. ஏறத்தாழ 50 டாலர் செலவில் ஸ்டுடியோவில் பதிவான அது, நாட்டின் தரவரிசையில் 19ஆம் இடம் பிடித்தது. அடுத்து வந்த 'பூடில் பூடில் பூடில்' இசைத்தட்டுக்கு ஸ்டுடியோவே இல்லை. கிறிஸ் நாக்ஸும் டக் ஹுட்டும் டியாக் நிறுவனத்தின் நான்கு ட்ராக் (டேப்பில் தனித்தனியாகப் பதியும் நான்கு தடங்கள்) ரீல் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். அது 5ஆம் இடம்வரை ஏறியது. 'பாயின்ட் தட் திங் சம்வேர் எல்ஸ்' பாட்டைக் கேளுங்கள்: டேவிட் கில்கோரின் கிட்டார் ரீங்காரம் விலகாமல் ஓட, ட்ரம்ஸும் பேஸும் அதை முன்னே தள்ளுகின்றன. பின்னாளில் பேவ்மென்ட், யோ லா டெங்கோ போன்ற குழுக்கள் பிடித்துக்கொண்டது இந்த ஓட்டத்தைத்தான்.

நான்கு ட்ராக்கில் துல்லியம் எங்கே போகிறது? முதல் காரணம் டேப்பின் அகலம். கேசட் டேப் 3.81 மி.மீ. தான், அதை நான்காகப் பிரித்தால் ஒரு ட்ராக்குக்கு ஒரு மி.மீ. கூட மிஞ்சாது. ட்ராக்கின் அகலம் பாதியானால், இரைச்சலுக்கு மேல் இசை நிற்கும் உயரம் 3 டெசிபல் குறையும். இதை ஈடுகட்டத்தான் 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ என்ற நான்கு ட்ராக் கேசட் பதிவுக் கருவி, கேசட்டை இருமடங்கு வேகத்தில், விநாடிக்கு 9.5 செ.மீ. என்று ஓட்டியது. இந்த வேகத்தோடு, நான்கு ட்ராக்கும் ஒரே திசையில் பதிவாவதால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடமே கிடைக்கும்.

அடுத்தது பவுன்ஸ். மூன்று ட்ராக்குகளில் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் பதிந்து, அவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டால் முதல் மூன்றும் மறுபடி காலி. ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் 'உஸ்' இரைச்சல் சேரும், ட்ரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் மினுமினுப்பு மங்கும். கலவையின் அளவுகளைப் பிறகு மாற்றவும் முடியாது. அதனால் பவுன்ஸ் செய்யும்போதே சிம்பலைக் கொஞ்சம் தூக்கலாக வைப்பது நல்லது. டேப்பின் இரைச்சலை அடக்கும் 'இரைச்சல் குறைப்பு' வசதியை இயக்கிப் பதிந்த கேசட்டை அது இல்லாத கருவியில் போட்டால், ஒலியின் இயல்பே மாறிவிடும். பதிவைக் குறைசொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இனித் தமிழ்ச்சொல். 'தரக்குறைந்த பதிவு' என்பது தவறு. அது இசையின் மீதே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஹை-ஃபைக்கு 'உயர்மெய்யொலி', இதற்குத் 'தாழ்மெய்யொலி' என்று ஆக்கலாம் என்றால், மெய்யொலி இலக்கணத்தில் க், ங், ச் ஆகியவற்றைக் குறிப்பதால் குழப்பம் வரும். 'உயர்துல்லியம்', 'தாழ்துல்லியம்' என்ற இணை பொருந்துகிறது. தி கிளீனின் 'பூடில் பூடில் பூடில்' இசைத்தட்டைத் 'தாழ்துல்லிய ஒலிப்பதிவு' என்று தயங்காமல் எழுதலாம்.

படிக்கும்போது பின்னணியில் ஓடவிடும் இன்றைய லோ-ஃபை பீட்ஸுக்கு இந்தச் சொல் சரிவராது. கணினியில் தெளிவாகச் செய்த இசைமேல் இசைத்தட்டின் பொரிவொலியைத் தூவுகிறார்கள். அங்கே 'லோ-ஃபை பாணி' என்றே விட்டுவிடலாம்.