லைக்வைஸ் எதை நகலெடுக்கிறது?

கொழும்புக் கோட்டைப் பக்கக் கந்தோர்களில் புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தினால், "நைஸ் டு மீட் யூ" என்பார் ஒருவர். "லைக்வைஸ்" என்று கைகொடுப்பார் மற்றவர். எனக்கும் அப்படியே என்று பொருள். முதலாமவர் சொன்ன 'யூ' இரண்டாமவரைக் குறித்தது. லைக்வைஸ் என்றதும் அதே 'யூ' திரும்பி முதலாமவரைக் காட்டுகிறது. அதாவது சொன்ன வார்த்தைகள் அப்படியே வருவதில்லை, ஆளுக்கேற்பத் திசை மாறித்தான் வருகின்றன. "ஹேப்பி பர்த்டே" என்பவரிடம் லைக்வைஸ் சொன்னால் சிரிப்பார். பிறந்தநாள் அவருக்கு இல்லையே! புத்தாண்டு வாழ்த்துக்குச் சொன்னால் வில்லங்கமில்லை.

இடைக்கால ஆங்கிலத்தில் இது 'இன் லைக் வைஸ்' என்ற தொடர். வைஸ் என்றதும் அறிவாளி ஞாபகம் வரும். இங்கே அதற்கு 'விதம்' என்று அர்த்தம். அதர்வைஸ், க்ளாக்வைஸ் எல்லாவற்றிலும் இருப்பது இதே வைஸ்தான். நல்ல சமாரியன் கதையின் முடிவில் ஆங்கில பைபிள் லைக்வைஸ் என்று சொல்லும் இடத்தில், தமிழில் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றிருக்கிறது. என்னைக் கேட்டால் அகராதிகள் தரும் 'அதேபோல'வை விட இந்த 'அந்தப்படியே' கச்சிதம்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். இது அண்ட், பட் போல இணைப்புச்சொல் அல்ல. இரண்டு முழு வாக்கியங்களைக் கமா போட்டு இதால் ஒட்ட முடியாது; முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் சிமிலர்லியும் இதே வேலையைப் பார்க்கும். கைகொடுக்கும்போது மட்டும் அது உதவாது.

சரி, இனித்தான் சுவாரசியம். குமார் 'ஹிஸ்' அம்மாவை வெள்ளவத்தைச் சந்தைக்குக் கூட்டிப் போனான், ரவி 'டிட் லைக்வைஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், ரவி கூட்டிப் போனது யாருடைய அம்மாவை? குமாரின் அம்மாவையும் இருக்கலாம், தன் அம்மாவையும் இருக்கலாம். நகலில் அந்த 'ஹிஸ்' குமாரிடமே நிற்கிறதா, ரவியிடம் தாவுகிறதா என்பதுதான் கேள்வி. தாவும் வகைக்கு மொழியியலில் 'ஸ்லாப்பி ஐடென்டிட்டி' என்று பெயர். ஜான் ராபர்ட் ராஸ் 1967இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைப் பற்றி எழுதினார்.

தமிழில் "குமார் தன் அம்மாவைக் கூட்டிப் போனான், ரவியும் அப்படித்தான்" என்றால் பெரும்பாலும் ரவியின் அம்மாதான் நினைவுக்கு வருவார். 'தன்' தன் வாக்கியத்து எழுவாயைத் தேடிப் பிடிக்கும் சொல். அதை விட்டு, பேச்சில் "அவன்ர அம்மாவை" என்று சொல்லிப் பாருங்கள், யாருடைய அம்மா என்று கேட்க வேண்டி வரும்.